நான்கு கொடிகளின் கீழ் ஓடிய மெண்டிப்

கேள்வி இது: "ஒரே நாசகாரிக் கப்பல் (டெஸ்ட்ராயர்) நான்கு நாட்டுக் கடற்படைகளில் இருந்ததாகவும், கடைசி நாடு அதைக் காசு கொடுத்து வாங்காமல் நடுக்கடலில் மடக்கிப் பிடித்துக்கொண்டதாகவும் படித்தேன். உண்மையா? எப்படி நடந்தது? நம் கடற்படையில் அப்படிக் கைமாறி வந்த கப்பல் ஏதும் உண்டா?"

உண்மைதான். கப்பலின் முதல் பெயர் எச்.எம்.எஸ். மெண்டிப் (எச்.எம்.எஸ். என்பது பிரிட்டிஷ் போர்க்கப்பல்களுக்குப் போடும் முன்னொட்டு). பிரிட்டன், சீனா, எகிப்து, இஸ்ரேல் என்று நான்கு கடற்படைகளில் இருந்தது. எல்லாம் முப்பது வருடத்துக்குள் முடிந்துவிட்டது. கப்பல் வரலாற்றில் ஆர்வம் உள்ளவர்கள் பொதுவாக இந்த நான்கு பெயர்களையும் வரிசையாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். எனக்கு அதைவிடச் சுவாரசியமாகப் படுவது ஒவ்வொரு முறையும் கப்பல் கைமாறிய விதம். சீனாவுக்கு இரவலாகப் போனது, எகிப்துக்கு விற்பனையாகப் போனது, இஸ்ரேலுக்குச் சிறைபிடிப்பாகப் போனது. மூன்றுக்கும் மூன்று சட்டம், மூன்று அரசியல். சின்னக் கப்பலாக இருந்ததால்தான் இவ்வளவும் நடந்தது என்பது என் எண்ணம். பெரிய கப்பலை இவ்வளவு சுலபமாக யாரும் கைமாற்ற மாட்டார்கள்.

முதலில் அது எப்படிப்பட்ட கப்பல் என்று பார்ப்போம். 1930களின் இறுதியில் பிரிட்டிஷ் கடற்படைக்கு ஒரு கவலை. போர் வந்தால் வணிகக் கப்பல் கூட்டங்களுக்குக் காவல் போக நூற்றுக்கணக்கில் சிறு கப்பல்கள் தேவைப்படும். பெரிய கடற்படைப் போருக்கென்று கட்டிய வேகமான நாசகாரிகளை அந்த வேலைக்கு இழுத்தால் கட்டுப்படியாகாது. ஆகவே வேகத்தைக் குறைத்து, அளவைக் குறைத்து, விமான எதிர்ப்புப் பீரங்கிகளை மட்டும் தாராளமாக வைத்து ஒரு காவல் நாசகாரியை வரைந்தார்கள். அதுதான் ஹண்ட் வகை. நரி வேட்டைக் குழுக்களின் பெயர்களை வைத்ததால் அந்தப் பெயர். மொத்தம் 86 கப்பல்கள் கட்டப்பட்டன. மெண்டிப் அதில் முதல் ரகம்: சுமார் ஆயிரம் டன், 85 மீட்டர் நீளம், அகலம் 9 மீட்டர்கூட இல்லை, வேகம் 27 நாட் (கப்பல் வேக அளவு) சொச்சம், சுமார் 150 பேர்.

இங்கே ஒரு தவறைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பின்னால் இது தேவைப்படும். வரைபடத்தின்படி ஒவ்வொரு ஹண்ட் கப்பலிலும் இரட்டைக் குழல் கொண்ட 4 அங்குலப் பீரங்கி மேடைகள் மூன்று இருக்க வேண்டும். அதாவது ஆறு பீரங்கிகள். 1940 தொடக்கத்தில் முதல் கப்பலான ஆதர்ஸ்டோனைச் சாய்த்துப் பார்த்து எடைப் பரிசோதனை செய்தபோதுதான், ஈர்ப்பு மையம் கணக்கிட்டதைவிட மேலே இருப்பது தெரிந்தது. வரைபட அறையில் நிலைத்தன்மைக் கணக்கிலேயே பிழை விழுந்திருந்தது. மேல்கனம் அதிகமான கப்பல் மோசமான கடலில் கவிழ்ந்துவிடும். கட்டிக்கொண்டிருக்கும் கப்பலின் அகலத்தை இனிக் கூட்ட முடியாது. எனவே ஒரு பீரங்கி மேடையைக் கழற்றினார்கள், மேற்கட்டுமானத்தையும் புகைபோக்கியையும் வெட்டிக் குறைத்தார்கள், அடியில் பாரம் ஏற்றினார்கள். முதல் ரகக் கப்பல்கள் எல்லாம் நான்கு பீரங்கிகளோடு கடலுக்குப் போனது இப்படித்தான். அடுத்த ரகத்தில் அகலத்தைக் கூட்டி ஆறு பீரங்கிகளையும் ஏற்றிவிட்டார்கள். மெண்டிப்புக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. டார்பிடோக் குழாய்களும் கிடையாது. நாசகாரி என்றாலே டார்பிடோ என்று நினைப்பவர்களுக்கு இது வியப்பாக இருக்கும்.

டைன் நதிக்கரையில் வால்சென்ட் ஊரில் ஸ்வான் ஹன்டர் தளத்தில் கட்டப்பட்ட மெண்டிப், 1940 ஏப்ரல் 9 அன்று நீரில் இறக்கப்பட்டது. ஜெர்மானியர்கள் நார்வே, டென்மார்க்குக்குள் நுழைந்த அதே நாள். அக்டோபரில் பணியில் சேர்ந்தது. சேர்ந்த கையோடு பயிற்சியின்போது நீர்மூழ்கிகளைத் தாக்க அது வைத்திருந்த சொந்த ஆழ்நீர்க் குண்டு ஒன்றே முன்கூட்டி வெடித்து, பழுது பார்க்கவே சில மாதங்கள் போய்விட்டன. அப்புறம் இங்கிலாந்தின் கிழக்குக் கரையோரம் நிலக்கரிக் கப்பல்களுக்கும் சரக்குக் கப்பல்களுக்கும் காவல். கண்ணிவெடிகள், ஜெர்மன் வேகப்படகுகள், விமானங்கள் என்று தினம் ஒரு தலைவலி. செய்தித்தாளில் பெயர் வராத வேலை, ஆனால் லண்டனின் அடுப்பு எரிந்தது இந்தக் கப்பல்களால்தான். 1943இல் மத்தியதரைக் கடலுக்குப் போய் சிசிலி, சலேர்னோ தரையிறக்கங்களில் பங்கெடுத்தது. 1944இல் நார்மண்டி. போர் முடிந்ததும் 1946இல் சேமிப்பில் போட்டுவிட்டார்கள். பிரிட்டிஷ் பகுதியைப் பொறுத்தவரை அவ்வளவுதான். நல்ல கப்பல், நல்ல வேலை, பெரிய சாகசம் ஒன்றும் இல்லை.

சாகசமெல்லாம் ஓய்வு பெற்ற பிறகு வந்தது.

1945இல் உலகிலேயே அதிகமான உபரிப் போர்க்கப்பல்கள் பிரிட்டனிடமும் அமெரிக்காவிடமும் கிடந்தன. பிரிட்டனுக்குக் காசும் இல்லை, ஆளும் இல்லை. மறுபக்கம் புதிதாகக் கடற்படை கட்ட விரும்பிய நாடுகள் ஒரு டஜனாவது இருக்கும். டவுன் பஸ்ஸாக ஓடித் தேய்ந்த வண்டியைச் சின்ன ஊர் முதலாளி வாங்கிப் பெயிண்ட் அடித்து வேறு பெயரில் ஓட்டுவதைப் போல, ஹண்ட் கப்பல்கள் ஒவ்வொரு கடலாகப் பிரிந்து போயின. கிரீஸ், நார்வே, டென்மார்க், எகிப்து, ஈக்வடார், இந்தியா என்று பட்டியல் நீளும். எரிபொருள் செலவு குறைவு. நூற்றைம்பது பேரைப் பயிற்றுவித்தால் போதும். பீரங்கி மேலே பார்த்தும் சுடும், நேராகவும் சுடும். புதிய கடற்படைக்கு இதைவிடப் பொருத்தமான முதல் கப்பல் கிடைக்காது.

சீனா விஷயத்தில் ஒரு பழைய கணக்கும் இருந்தது. 1941இல் ஹாங்காங்கில் இருந்த சீனச் சுங்கத் துறைக் கப்பல்கள் ஆறை பிரிட்டன் போருக்கென எடுத்துக்கொண்டது. அவை திரும்பவில்லை. போருக்குப் பிறகு அப்போது சீனாவை ஆண்ட சியாங் கை ஷேக்கின் கோமின்டாங் கட்சி அரசு ஈடு கேட்டது. பேச்சுவார்த்தை முடிவில் பிரிட்டன் கொடுத்தது சாதாரண ஈடு இல்லை. அரோரா என்ற குரூயிசர், அதாவது நாசகாரியைவிடப் பெரிய போர்க்கப்பல், கிடைத்தது. மத்தியதரைக் கடலில் மால்டாவை மையமாக வைத்து இத்தாலியச் சரக்குக் கப்பல் கூட்டங்களைச் சூறையாடியதால் வெள்ளிப் பேய் என்று பெயர் வாங்கிய கப்பல் அது. அதோடு கூடவே மெண்டிப்பும் வந்தது. ஆனால் ஒரு நிபந்தனை: அரோரா கைமாறியது நிரந்தரமாக, மெண்டிப் மட்டும் ஐந்து வருட இரவல். அந்த ஒரு சொல்தான் மெண்டிப்பைப் பிற்பாடு காப்பாற்றியது.

1948 மே 19 அன்று போர்ட்ஸ்மவுத்தில் இரண்டும் ஒன்றாக ஒப்படைக்கப்பட்டன. அரோராவுக்கு சுங்கிங் என்று போர்க்காலத் தலைநகரின் பெயர். மெண்டிப்புக்கு லிங்ஃபு என்று பெயர். இந்தப் பெயரில் அரசியல் இருக்கிறது. ஜாங் லிங்ஃபு என்பவர் கோமின்டாங்கின் புகழ்பெற்ற தளபதி. 1947 மே மாதம் ஷாண்டொங் மாகாணத்தின் மெங்லியாங்கு மலையில் கம்யூனிஸ்ட் படைகளால் சுற்றி வளைக்கப்பட்டு, தன் படைப்பிரிவோடு அழிந்தவர். சுமார் ஒரு வருடத்தில் அவர் பெயரைக் கப்பலுக்கு வைத்தார்கள். அதாவது இந்தக் கப்பல் ஜப்பானை நினைத்து வாங்கியதல்ல, உள்நாட்டுப் போருக்குத்தான் என்பது கப்பலின் பக்கவாட்டிலேயே எழுதி ஒட்டப்பட்டிருந்தது. பிரிட்டனில் பயிற்சி பெற்ற சீன மாலுமிகள் இரண்டையும் சூயஸ் வழியாக ஓட்டிக்கொண்டு ஊர் சேர்ந்தார்கள்.

ஊரில் நிலைமை வேறாக இருந்தது. பணவீக்கம் சம்பளத்தைத் தின்றுகொண்டிருந்தது. படைகள் ஒவ்வொரு மாகாணமாக இழந்துகொண்டிருந்தன. மேற்கத்தியக் கடற்படையில் மாலுமிக்குக் கிடைக்கும் சாப்பாட்டையும் மரியாதையையும் பார்த்துவிட்டு வந்த இளைஞர்களுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. 1949 பிப்ரவரி 25 அன்று ஷாங்காய்க்கு வெளியே வூசொங்கில் நின்றிருந்த சுங்கிங் கப்பலை அதன் மாலுமிகள் கைப்பற்றி, கேப்டன் டெங் ஜாவ்ஷியாங்கோடு சேர்ந்து வடக்கே யான்டாய்க்குக் கொண்டுபோய் கம்யூனிஸ்டுகளிடம் சேர்த்தார்கள். சீனக் கடற்படையின் மிகப் பெரிய கப்பல் ஒரே இரவில் எதிரி பக்கம். சுமார் மூன்று வாரத்தில் கோமின்டாங் விமானங்கள் அதை ஹுலுடாவ் துறைமுகத்தில் குண்டு போட்டு மூழ்கடித்தன. தன் கப்பலைத் தானே மூழ்கடித்துக்கொள்ளும் நிலைக்கு அந்த அரசு வந்திருந்தது.

லண்டனில் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? ஒன்று போய்விட்டது. இன்னொன்றும் போனால், பிரிட்டன் கட்டிய நாசகாரி ஹாங்காங்குக்கு எதிரேயே வந்து நிற்கும். அந்தச் சமயத்தில்தான் ஏப்ரல் 20 அன்று யாங்சி நதியில் அமெதிஸ்ட் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலைக் கம்யூனிஸ்ட் பீரங்கிகள் சுட்டு மடக்கின. பயம் கற்பனை இல்லை. அரோராவைத் திருப்பிக் கேட்க வழி இல்லை. மெண்டிப் இரவல் பொருள், எனவே கேட்கலாம். கேட்டார்கள். 1949 நடுவில் ஹாங்காங்கில் கப்பல் மீண்டும் பிரிட்டிஷ் கைக்கு வந்தது. அதன் சீன மாலுமிகளில் ஒரு பகுதியினர் கப்பலை விட்டிறங்கி வடக்கே போய் கம்யூனிஸ்டுகளோடு சேர்ந்துகொண்டார்கள். ஆக, லிங்ஃபுவின் கொடி கம்யூனிஸ்ட் கொடியாக மாறாததற்குக் காரணம் மாலுமிகளின் விசுவாசம் இல்லை. ஒப்பந்தத்தில் இருந்த இரவல் என்ற ஷரத்து.

சீனக் கடற்படையில் அது இருந்தது ஒரு வருடத்துக்குச் சற்று மேல். அதையும் ஒரு கடற்படையாகக் கணக்கில் எடுப்பதா என்று சிலர் கேட்பார்கள். கொடி ஏறியது, சீன அதிகாரி தலைமையில் கடல் கடந்தது, உள்நாட்டுப் போரின் நடுவில் நின்றது. என் கணக்கில் அது போதும்.

இரண்டாவது கைமாற்றம் சுத்தமான வியாபாரம். எகிப்துக்குக் கப்பல் அவசரமாகத் தேவைப்பட்டது. 1948 அக்டோபரில் காசாவுக்கு வெளியே எகிப்தின் கொடிக்கப்பலான அமீர் ஃபாரூக்கை இஸ்ரேலியக் கடற்கமாண்டோக்கள் வெடிமருந்து ஏற்றிய சிறு படகுகளை மோதவிட்டு மூழ்கடித்திருந்தார்கள். போர்க்காலத்தில் இருந்த ஐ.நா. ஆயுதத் தடை 1949 ஆகஸ்டில் விலகியது. நவம்பரில் மெண்டிப் எகிப்துக்கு விலைபோனது. புதுப் பெயர் முகமது அலி எல் கபீர், அப்போது ஆண்டுகொண்டிருந்த ஃபாரூக் மன்னரின் வம்சத்தை நிறுவியவர். சில மாதங்களில் காட்ஸ்மோர் என்ற இன்னொரு ஹண்ட் கப்பலும் வந்தது. அதற்கு அவர் மகன் இப்ராகிமின் பெயர். 1951இல் என்ன நினைத்தார்களோ, இரண்டு கப்பல்களின் பெயர்களையும் மாற்றிப் போட்டுவிட்டார்கள். தந்தை மகனானார், மகன் தந்தையானார். கப்பல் வரலாறு படிக்கிறவர்களை இது இன்றைக்கும் குழப்புகிறது. 1950இல் இப்ராகிம் எல் அவ்வல் என்று எங்காவது கண்டால் அது காட்ஸ்மோர். 1956இல் இப்ராகிம் எல் அவ்வல் என்று கண்டால் அது நம்முடைய மெண்டிப்.

அந்தப் பெயரைப் பற்றி இன்னொரு தகவல். நிஜ இப்ராகிம் பாஷா 1831இல் எகிப்தியப் படையோடு பாலஸ்தீனத்துக்குள் புகுந்து, இன்று இஸ்ரேலின் துறைமுகமான ஹைஃபாவைப் பிடித்தவர். வளைகுடாவுக்கு எதிர்ப்பக்கம் இருக்கும் அக்கா கோட்டையை ஆறு மாதம் முற்றுகையிட்டு 1832 மே மாதம் விழவைத்தவர். 125 வருடம் கழித்து அவர் பெயரைத் தாங்கிய கப்பல் அதே வளைகுடாவுக்கு வந்தது. பெயர் வைத்தவர்கள் இதைத் திட்டமிட்டிருக்க வாய்ப்பில்லை.

1956 அக்டோபர் 29 அன்று இஸ்ரேல் எகிப்தின் சினாய் தீபகற்பத்தில் புகுந்தது. சில நாட்களுக்கு முன்புதான் பாரிஸுக்கு வெளியே செவ்ர் என்ற இடத்தில் பிரிட்டன், பிரான்ஸ், இஸ்ரேல் மூன்றும் ரகசியமாக உட்கார்ந்து திட்டம் போட்டிருந்தன. வெளியே யாருக்கும் தெரியாது. எகிப்துக்கும் தெரியாது. மறுநாள், 30ஆம் தேதி, இப்ராகிம் எல் அவ்வல் தனியாக ஹைஃபாவை நோக்கிப் புறப்பட்டது. துறைமுகத்தையும் எண்ணெய் நிலையங்களையும் சுட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். துணைக்கு வேறு கப்பல் இல்லை, மேலே விமானம் இல்லை. இந்த உத்தரவைப் போட்டவர்களின் தைரியத்தைப் பாராட்டலாம், புத்தியைப் பாராட்ட முடியாது.

31ஆம் தேதி அதிகாலை மூன்றரை மணியை ஒட்டி அது ஹைஃபாவை நோக்கிச் சுட ஆரம்பித்தது. நூற்றுக்கணக்கான குண்டுகள் போட்டும் பெரிய சேதம் எதுவும் இல்லை. ஒவ்வொரு குண்டும் சுமார் 16 கிலோ, விமானங்களை விரட்டுவதற்காகச் செய்த பீரங்கியிலிருந்து புறப்படுவது. இருட்டில், தூரத்திலிருந்து, கரையிலிருந்து திருத்தம் சொல்ல ஆளின்றிச் சுட்டால் இவ்வளவுதான் ஆகும். ஆனால் ஹைஃபாவில் எகிப்தியர்கள் எதிர்பார்க்காத ஒரு கப்பல் நின்றது: பிரெஞ்சு நாசகாரி கெர்சான். இஸ்ரேல் கரையைக் காக்கப் பிரான்ஸ் சத்தமில்லாமல் அனுப்பிவைத்த கப்பல்களில் ஒன்று. அது திருப்பிச் சுட்டது. ஒரு குண்டும் படவில்லை. ஆனால் எகிப்தியக் கப்பல் திரும்பி வடமேற்காக ஓடத் தொடங்கியது.

துரத்தியவை இஸ்ரேலின் எய்லாட், யாஃபோ என்ற இரு நாசகாரிகள். இங்கேதான் எனக்குச் சிரிப்பு வரும். எய்லாட்டின் பழைய பெயர் எச்.எம்.எஸ். ஸீலஸ், யாஃபோவின் பழைய பெயர் எச்.எம்.எஸ். ஸோடியாக். இரண்டும் பிரிட்டிஷ் உபரிகள். மத்திய கிழக்கில் ஆயுதச் சமநிலையைக் காக்கிறோம் என்று சொல்லி 1955இல் பிரிட்டன் அந்த வகையில் நான்கு கப்பல்களை விற்றது. இரண்டு எகிப்துக்கு, இரண்டு இஸ்ரேலுக்கு. இஸ்ரேலின் இரண்டும் ஊர் வந்து சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. எகிப்து தன்னிடம் இருந்த அந்த வேகமான இரண்டையும் விட்டுவிட்டுப் பழைய மெண்டிப்பை அனுப்பியது ஏன் என்பது தனிக் கேள்வி.

கணக்கைப் பாருங்கள். மெண்டிப்பில் நான்கு பீரங்கிகள், ஒரு சுற்றுக்கு மொத்தம் சுமார் 64 கிலோ எடைக் குண்டு. துரத்திய இரண்டிலும் சேர்த்து 4.5 அங்குலப் பீரங்கிகள் எட்டு, ஒவ்வொரு குண்டும் 25 கிலோ, ஒரு சுற்றுக்கு 200 கிலோ. மெண்டிப்பின் வேகம் புதிதாக இருந்தபோதே 27 நாட். மற்றவற்றுக்கு வரைபட வேகம் 36. ஓடவும் முடியாது, நின்று சண்டை போடவும் முடியாது. கப்பல் கட்டும் தளத்தில் கழற்றாமல் விட்டிருந்தால் அந்த மூன்றாவது பீரங்கி மேடை பின்பக்கமாகச் சுடும் இடத்தில் இருந்திருக்கும். ஓடுகிற கப்பலுக்குத் தேவையானதே அதுதான். இருந்திருந்தாலும் முடிவு மாறியிருக்காது, கொஞ்ச நேரம் கூடியிருக்கும்.

விடிந்ததும் இஸ்ரேலிய விமானப்படையின் உராகான் ஜெட்கள் இரண்டு வந்து ராக்கெட்களால் தாக்கின. கப்பல்களின் குண்டும் விமானத்தின் ராக்கெட்டும் சேர்ந்து மின்னாக்கியையும் சுக்கானையும் செயலிழக்கச் செய்தன. மின்சாரம் போனால் பீரங்கி மேடை திரும்பாது, குண்டு ஏற்றும் தூக்கி வேலை செய்யாது, தகவல் தொடர்பு இருக்காது. சுக்கான் போனால் திசை இல்லை. அந்த நிலையில் கேப்டனுக்கு வேறு வழி இருக்கவில்லை. காலை ஏழு மணி வாக்கில் சரண். கப்பலைத் தாங்களே மூழ்கடித்துவிட முயன்றார்கள், அதுவும் கைகூடவில்லை. எகிப்தியத் தரப்பில் இரண்டு பேர் இறந்தார்கள், எட்டுப் பேர் காயம். ஒரு நாசகாரியையே இழந்த சண்டைக்கு இது மிகக் குறைவான உயிர்ச்சேதம். அந்த அடி கப்பலால் பட்டதா விமானத்தால் பட்டதா என்ற வாதம் இஸ்ரேலியக் கடற்படைக்கும் விமானப்படைக்கும் நடுவே நெடுநாள் ஓடியது. இரண்டும் இல்லாமல் நடந்திருக்காது என்பதுதான் நியாயமான பதில்.

அதே நாள் இரவு சூயஸ் வளைகுடாவில் நடந்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். டொமியட் என்ற எகிப்திய ஃபிரிகேட்டை (சிறு காவல் போர்க்கப்பல்) பிரிட்டிஷ் குரூயிசர் நியூஃபவுண்ட்லாந்து சுட்டு மூழ்கடித்தது. டொமியட்டின் பழைய பெயர் எச்.எம்.எஸ். நித், நார்மண்டிக்குப் போய்வந்த பிரிட்டிஷ் கப்பல். மூன்று வருடம் கழித்து அந்த நியூஃபவுண்ட்லாந்தையும் பெரு நாட்டுக்கு விற்றுவிட்டார்கள்.

மெண்டிப்பை ஹைஃபாவுக்கு இழுத்துப் போனார்கள். சுட வந்த ஊரிலேயே கட்டிப் போடப்பட்டது. இங்கே சட்டம் பற்றி ஒரு வார்த்தை: போரில் எதிரியின் வணிகக் கப்பலைப் பிடித்தால் பரிசு நீதிமன்றம் என்று ஒன்று கூடித் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் அது பிடித்தவருக்குச் சொந்தமாகும். போர்க்கப்பலுக்கு அந்தத் தேவை இல்லை. சரணடைந்து கையில் வந்த நொடியிலேயே பிடித்த நாட்டின் சொத்து. அதனால்தான் பழுது பார்த்த கையோடு ஐ.என்.எஸ். ஹைஃபா என்று பெயர் வைத்து, கே-38 என்று எண் எழுதி, இஸ்ரேலியக் கடற்படையில் சேர்க்க முடிந்தது. அங்கே இருக்கும் ஐ.என்.எஸ். இஸ்ரேலியக் கப்பல்களுக்குப் போடும் முன்னொட்டு, நம் ஐ.என்.எஸ்.ஸோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். நவீன காலத்தில் நாசகாரி அளவுள்ள ஒரு போர்க்கப்பல் நடுக்கடலில் சண்டை போட்டுச் சரணடைந்து, எதிரிக் கடற்படையில் முழுநேரப் பணிக்குப் போனது மிக அபூர்வம்.

இஸ்ரேலில் அது 1960களின் பிற்பகுதி வரை இருந்தது. சொல்லும்படியான சம்பவம் இல்லை. மெண்டிப்பைத் துரத்திப் பிடித்த எய்லாட்டின் முடிவுதான் சரித்திரமானது: 1967 அக்டோபர் 21 அன்று போர்ட் சையதுக்கு எதிரே எகிப்தின் ஏவுகணைப் படகுகள் சோவியத் ஏவுகணைகளால் அதை மூழ்கடித்தன. 47 பேர் இறந்தார்கள். படகிலிருந்து விட்ட ஏவுகணையால் போர்க்கப்பல் ஒன்று மூழ்கியது அதுவே முதல் முறை. அதற்குப் பிறகு 4 அங்குலப் பீரங்கிக் கப்பல்களைப் பற்றி அந்தப் பக்கம் யாரும் பேசவில்லை.

மெண்டிப்தான் சாதனையா என்று கேட்டால், எண்ணிக்கையில் அதை முந்துபவை உண்டு. அமெரிக்காவின் யார்னல் என்ற நாசகாரி 1940இல் ராணுவத் தளங்களுக்கு ஈடாக பிரிட்டனுக்குக் கொடுத்த ஐம்பது கப்பல்களில் ஒன்று. லிங்கன் என்ற பெயரில் பிரிட்டிஷ், நார்வே, கனடியக் கடற்படைகளில் ஓடி, 1944இல் சோவியத் கைக்குப் போய் ட்ருஷ்னி ஆனது. ஐந்து கடற்படைகள். ஆனால் ஐவரும் ஒரே அணி, ஒரே போர். கடைசி இடத்தில் மற்றக் கப்பல்களுக்கு உதிரி பாகம் கொடுக்கத்தான் பயன்பட்டது. மெண்டிப்பை நான் மேலே வைப்பது இதனால்தான்: அதன் கொடிகள் ஒன்றுக்கொன்று பகை.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. இந்தியக் கடற்படையின் முதல் இருபது வருடம் முழுக்க இப்படிக் கைமாறி வந்த கப்பல்கள்தான். 1948இல் வந்த குரூயிசர் ஐ.என்.எஸ். டெல்லி, 1939இல் ரிவர் பிளேட் சண்டையில் ஜெர்மனியின் கிராஃப் ஷ்பே என்ற போர்க்கப்பலோடு மோதிய அக்கிலீஸ். நியூசிலாந்துக் கடற்படையிலும் இருந்தது. 1949இல் வந்த மூன்று நாசகாரிகள் ராஜ்புத், ரஞ்சித், ராணா. 1971 டிசம்பரில் விசாகப்பட்டினத்துக்கு வெளியே பாகிஸ்தானின் காஜி நீர்மூழ்கி மூழ்கிய விவகாரத்தில் அடிபடும் ராஜ்புத் இதுதான், பழைய எச்.எம்.எஸ். ராதர்ஹம். காஜியும் அமெரிக்காவில் டயாப்ளோ என்ற பெயரில் பிறந்தது.

இலங்கைக்கும் ஒரு கதை உண்டு. 1959இல் அப்போதைய சிலோன் கடற்படை வாங்கிய கஜபாகு, மகாசேனா என்ற இரு ஃபிரிகேட்களும் கனடாவில் கட்டப்பட்டு இஸ்ரேலியக் கடற்படையில் இருந்துவிட்டு வந்தவை. இஸ்ரேலில் மெண்டிப்போடு ஒரே துறைமுகத்தில் நின்றிருந்த கப்பல்கள் என்று சொல்லலாம்.

மெண்டிப்பின் நேரடிச் சகோதரிகள் நம்மிடமே இருந்தன. 1953ஐ ஒட்டி கோதாவரி, கோமதி, கங்கா என்று மூன்று ஹண்ட் கப்பல்கள் வந்தன. முதலில் இரவல், பிறகு சொந்தம். மூன்றும் அகலத்தைத் திருத்திய இரண்டாம் ரகம், ஆகவே ஆறு பீரங்கிகள். இதில் நீங்கள் கேட்ட வகைக்கு மிகவும் பொருந்துவது கோதாவரி. அதை எச்.எம்.எஸ். பெடேல் என்று கட்டினார்கள், ஆனால் 1942இல் அது பணியில் சேர்ந்ததே நாடு இழந்து பிரிட்டனில் இருந்த போலந்துக் கடற்படையில், ஷ்லோன்ஸாக் என்ற பெயரோடு. அந்த ஆகஸ்டில் பிரான்சின் டியெப் கடற்கரையில் கனடிய வீரர்கள் கொத்துக்கொத்தாகச் செத்த தாக்குதலில் கரையோரம் நின்று சுட்ட கப்பல்களில் அதுவும் ஒன்று. அப்புறம் சிசிலி, நார்மண்டி. 1946இல் போலந்து மாலுமிகள் திருப்பிக் கொடுத்த பிறகுதான் பெடேல் என்ற பெயரே அதற்கு நிஜமாக ஒட்டியது. இந்தியாவில் பெரும்பாலும் பயிற்சிக் கப்பலாக ஓடி, 1970களில் பணி முடிந்து உடைக்கப்பட்டது. போலந்து, பிரிட்டன், இந்தியா என்று மூன்று கடற்படைகள். மூன்று பெயர்களும் 1980களில் மும்பை மசகான் தளத்தில் கட்டிய புதிய ஃபிரிகேட்களுக்குப் போயின, அவற்றில் முதலாவது கோதாவரி.